கருடக்கொடியும் அதன் சீன உறவுகளும்

கருடக்கொடி, குமரி மாவட்டத்தின் வேலிகளிலும் மலையடிவாரக் காடுகளிலும் பிற செடிகளைச் சுற்றிப் படரும் மெலிந்த பல்லாண்டுக் கொடி. தாவரவியலில் அரிஸ்டோலோக்கியா இண்டிகா. தமிழில் ஈச்சுரமூலி, பெருமருந்து என்ற பெயர்களும் உண்டு. மலையாளத்தில் ஈஸ்வரமூலி, கரளகம் என்பார்கள். இலையைக் கசக்கினால் காட்டமான மணம் வரும். வேர் கடுங்கசப்பு. பூவின் அடிப்பாகம் சிறு குடுவையாகப் பருத்து, மேலே குழலாக நீண்டு, ஒரு பக்கம் பழுப்பு கலந்த ஊதா நிற உதடாக விரியும். குழலின் உட்புற மயிர்கள் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் உள்ளே போன சிறு ஈ உடனே வெளியேற முடியாது. மயிர்கள் வாடிய பிறகு மகரந்தம் பூசிய உடலோடு அது வெளிவந்து அடுத்த பூவுக்குப் போகும். காய் முற்றினால் காம்புப் பக்கத்திலிருந்து பிளந்து, நரம்புகளில் தொங்கும் உறிக்கூடை போல விரிந்து, தட்டையான இறகு விதைகளைக் காற்றில் உதிர்க்கும்.

இதே பேரினத்தைச் சேர்ந்தது ஆடுதின்னாப்பாளை, அதாவது அரிஸ்டோலோக்கியா பிராக்டியோலேட்டா. இது தரையோடு படரும் செடி. தமிழகத்தின் கரிசல் காடுகளிலும் தரிசுகளிலும் மிகுதி. உலகில் இப்பேரினத்தில் சுமார் 500 இனங்கள் உள்ளன. ஐரோப்பா, சீனா, இந்தியா, அமெரிக்கா என அவை வளரும் இடங்களில் எல்லாம் மனிதர்கள் அவற்றை மருந்தாக்கியிருக்கிறார்கள். கிரேக்கர்கள் மகப்பேற்றுக்குக் கொடுத்தார்கள். பேரினத்தின் பெயரே நல்ல பேறு என்ற பொருளில் அமைந்தது. சீன மருத்துவத்தில் குறைந்தது நான்கு இனங்கள் பெயர்பெற்ற சரக்குகளாக இருந்தன. அந்தச் சீனச் சரக்குகளில் ஒன்றால் 1990களில் பெல்ஜியத்தில் நேர்ந்த பெருந்துயரம்தான் இக்குடும்பம் முழுவதையும் மருத்துவ உலகம் மறுபடி எடைபோடக் காரணமானது. அந்த எடைபோடலில் குமரியின் வேலிக்கொடிக்கும் பங்கு உண்டு.

குமரி மாவட்டத்தில், குளச்சலுக்குத் தென்கிழக்கே கடலோரத்தில் இருக்கிறது மண்டைக்காடு. பகவதியம்மன் கோயிலில் புற்றே மூலவர். மாவட்டத் தலைநகரான நாகர்கோவிலின் பெயர் நாகராஜா கோயிலிலிருந்து வந்தது. புற்றும் பாம்பும் வழிபாட்டுக்குள் இருக்கும் இந்த மண்ணில், தென்னந்தோப்பிலும் வயல் வரப்பிலும் ரப்பர்த் தோட்டத்திலும் வேலை செய்கிறவர்களுக்குப் பாம்புக்கடி அன்றாட அபாயமும்கூட. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரின், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாக இருந்ததால், குமரியில் சித்த மருத்துவமும் மலையாள விஷ வைத்தியமும் பக்கம்பக்கமாக வளர்ந்தன. இரண்டிலும் விஷமுறிவுக்குப் பேர்போன மூலிகைகளில் கருடக்கொடி ஒன்று. பாம்புக்குக் கருடன் பகை என்ற நம்பிக்கை பெயரிலேயே இருக்கிறது.

நூல்வழிச் சான்றுகளும் பழமையானவை. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் தொகுதிகளில் இக்கொடி மலையாளப் பெயருடன் படமாக இடம்பெற்றது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவர் வைட்லா எய்ன்ஸ்லி, 1826இல் வெளியிட்ட மெட்டீரியா இண்டிகாவில் கருடக்கொடி, ஆடுதின்னாப்பாளை இரண்டையும் தமிழ்ப் பெயர்களோடு பதிவுசெய்தார். பாம்புக்கடிக்கு இலைச்சாற்றைக் குடிக்கக் கொடுப்பதும் வேரை அரைத்துக் கடிவாயில் பூசுவதும் பரவலான முறைகள். வயிற்றுப்போக்கு, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி, தடைப்பட்ட மாதவிடாய் ஆகியவற்றுக்கும் வேர் கொடுக்கப்பட்டது. அகத்தியமலைத் தொடரில் வாழும் காணிக்காரர்களும் இதைப் பாம்புக்கடி மருந்தாகப் பயன்படுத்துவதைத் தாவர ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். ஆடுதின்னாப்பாளை பெரும்பாலும் குடற்புழுவுக்கும் தோல்நோய்க்கும் ஆனது. அதன் இலையை விளக்கெண்ணெயோடு அரைத்துப் பிள்ளைகளின் காலில் வரும் கரப்பானுக்குப் போடுவார்கள்.

இவை வெறும் நம்பிக்கைகள் என்று ஒதுக்குவதும் சரியல்ல. இக்கொடிகளின் முதன்மை வேதிப்பொருளான அரிஸ்டோலோகிக் அமிலம், கண்ணாடி விரியன் நஞ்சிலுள்ள பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதியோடு பிணைந்து அதன் செயலைக் குறைப்பதை மைசூர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1987இல் காட்டினார்கள். கருடக்கொடிக்குக் கருத்தரிப்பைத் தடுக்கும் ஆற்றல் இருப்பதை 1970களில் கல்கத்தாவில் சுண்டெலிகளைக் கொண்டு நடந்த சோதனைகள் காட்டின. மாதவிடாய்க்கும் மகப்பேற்றுக்கும் இதைக் கொடுத்து வந்த பழக்கத்தின் பின்னால் உண்மையான உடற்செயல் ஒன்று இருந்தது என்று இதிலிருந்து தெரிகிறது. ஆனால் உடலில் வேலை செய்கிறது என்பதும் உடலுக்குத் தீங்கில்லை என்பதும் ஒன்றல்ல. நஞ்சின் நொதியைப் பிடிக்கும் அதே அமிலம்தான் சிறுநீரகத்தையும் அழிக்கிறது.

சீனச் சரக்குகளுக்கு வருவோம். குவாங் ஃபாங் ஜி என்பது அரிஸ்டோலோக்கியா ஃபாங்சியின் வேர். நீர்க்கோவைக்கும் மூட்டுவலிக்கும் கொடுப்பது. குவான் மு டோங் மஞ்சூரியாவில் வளரும் இனத்தின் தண்டு. சிறுநீர் எரிச்சலுக்கு உரியது. மா டோ லிங் இருமலுக்குக் கொடுக்கும் காய். சிங் மு சியாங் வயிற்றுவலிக்குக் கொடுக்கும் வேர். இவற்றில் முதல் இரண்டும் வேறு செடிகளின் இடத்தில் நுழைந்தவை. ஃபாங் ஜி என்ற பொதுப்பெயர் ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா என்ற தொடர்பற்ற கொடியின் கிழங்கையும் குறிக்கும். மு டோங் என்ற பெயருக்கு உரிய பழைய செடியோ அகெபியா. காயவைத்துச் சீவிய வேரில் இலையும் பூவும் இல்லை. நிறமும் கசப்பும் ஏறத்தாழ ஒன்று. மொத்த வியாபாரியின் மூட்டையில் எது இருக்கிறது என்று பார்வையால் சொல்வது தேர்ந்தவருக்கே கடினம்.

பிரஸ்ஸல்ஸ் நகரின் ஓர் உடல் மெலிவுச் சிகிச்சை நிலையம் சுமார் 15 ஆண்டுகளாகப் பெரிய சிக்கல் இல்லாமல் இயங்கி வந்தது. 1990 மே மாதத்தில் அதன் மாத்திரைக் கலவையில் ஸ்டெஃபானியா, மக்னோலியா என்ற இரு சீனச் சரக்குகள் சேர்க்கப்பட்டன. 1992இல் ஐம்பது வயதைத் தொடாத இரு பெண்கள் வேகமாகச் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். இருவரும் அந்த நிலையத்தில் மருந்து எடுத்தவர்கள். சிறுநீரக மருத்துவர் வான்ஹெர்வெகெமும் சக மருத்துவர்களும் நகரின் பிற மருத்துவமனைகளில் விசாரித்தபோது மேலும் ஏழு பெண்கள் இதே நிலையில் இருப்பது தெரிந்தது. 1993 பிப்ரவரியில் லான்செட் இதழ் அந்த ஒன்பது பேரின் விவரங்களை வெளியிட்டது. அடுத்த ஆண்டு நடந்த வேதிச் சோதனையில், ஸ்டெஃபானியா என்று விற்கப்பட்ட பொடிகளில் பெரும்பாலானவற்றில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருந்தது. பெயர் ஒன்றாக இருந்ததால் குவாங் ஃபாங் ஜி வந்து சேர்ந்திருந்தது. இறுதியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டது உறுதியாயிற்று. பலருக்கு டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்பட்டது.

அதோடு நிற்கவில்லை. செயலிழந்த சிறுநீரகங்களையும் சிறுநீர்க் குழாய்களையும் முன்னெச்சரிக்கையாக அகற்றிக்கொள்ள 39 பேர் சம்மதித்தார்கள். அகற்றிய உறுப்புகளைச் சோதித்தபோது 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்று ஏற்கெனவே தோன்றியிருந்தது. மீதி 21 பேரில் 19 பேருக்குப் புற்றுக்கு முந்திய திசுமாற்றம். நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 2000இல் வெளியான இந்த ஆய்வு, மொத்தம் 200 கிராமுக்கு மேல் அந்தச் சரக்கை உட்கொண்டவர்களுக்குப் புற்று அபாயம் கூடுதல் என்றும் காட்டியது. 200 கிராம் பெரிய அளவாகத் தோன்றலாம். நாளுக்கு ஒரு கிராம் வீதம் எடுத்தால் ஏழு மாதம் ஆவதற்குள் எட்டிவிடும் அளவு அது. இனத்துக்கு இனம், நிலத்துக்கு நிலம் அமிலத்தின் அளவு மாறும் என்பதால், இந்தக் கணக்கைக் கருடக்கொடிக்கு அப்படியே பொருத்த முடியாது. 200 கிராமுக்குக் கீழே அபாயம் இல்லை என்பதற்கும் அந்த ஆய்வில் இடமில்லை.

எப்படி இது நடக்கிறது என்பது இன்று ஓரளவு தெளிவாகிவிட்டது. இரத்தத்தில் கலந்த அமிலத்தைச் சிறுநீரகத்தின் அண்மைச் சுருள் நுண்குழாய்ச் செல்கள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. உடலுக்கு வேண்டாத கரிம அமிலங்களைச் சிறுநீரில் தள்ளுவதற்காக அமைந்த கடத்திப் புரதங்களே இதையும் ஏற்றிச் செல்கின்றன. செல்லுக்குள் நொதிகள் அதன் நைட்ரோ தொகுதியை ஒடுக்க, அரிஸ்டோலாக்டம் என்ற வினைமிக்க வடிவம் உண்டாகி டிஎன்ஏவின் அடினைன் எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடத்தில் செல் பிரியும்போது அடினைனுக்குப் பதில் தைமின் விழுகிறது. இப்படி விழும் தவறுகள் மரபணுத் தொகுதி முழுவதும் ஒரே பாணியில், ஒரு கையொப்பம் போல இருப்பதால், கட்டியின் டிஎன்ஏவைப் படித்தாலே குற்றவாளியை அடையாளம் காணலாம். ஒட்டிய மூலக்கூறுகள் சிறுநீரகத் திசுவில் பல ஆண்டுகள் தங்கியும் விடுகின்றன. மருந்தை நிறுத்திய பிறகும் நோய் முற்றுவது இதனால்தான்.

இந்தக் கையொப்பம் கிடைத்த பிறகு பழைய புதிர் ஒன்று விடுபட்டது. டான்யூப் ஆற்றின் துணைநதிகளை ஒட்டிய குரோஷியா, செர்பியா, போஸ்னியா, பல்கேரியா, ருமேனியா கிராமங்களில் ஒருவகைச் சிறுநீரக நோய் குடும்பம் குடும்பமாக வருவது 1950களிலிருந்தே தெரியும். கோதுமை வயல்களில் களையாக வளரும் அரிஸ்டோலோக்கியா கிளமாடிடிஸின் விதை தானியத்தோடு அரைபட்டு ரொட்டியில் கலப்பதே காரணம் என்று 1969இல் ஒரு கருத்து எழுந்தது, பெரிதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. 2007இல் ஆர்தர் கிரால்மன் குழு, குரோஷிய நோயாளிகளின் திசுவில் அந்த டிஎன்ஏ ஒட்டுகளைக் கண்டுபிடித்தது. தைவானின் நிலை இன்னும் கவலைக்குரியது. 1997 முதல் 2003 வரை அங்கு மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அரிஸ்டோலோக்கியா கலந்த மருந்துகள் எழுதிக் கொடுக்கப்பட்டதைக் காப்பீட்டுப் பதிவேடுகள் காட்டின. மேற்சிறுநீர்ப் பாதைப் புற்று உலகிலேயே மிகுதியாக உள்ள இடங்களில் தைவான் ஒன்று. 2012இல் வெளியான ஆய்வில் அப்புற்று வந்த 151 பேரில் பாதிக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகத்தில் இந்த ஒட்டுகள் இருந்தன. 2017இல் தைவானியரின் 98 கல்லீரல் கட்டிகளைப் படித்தபோது 78 விழுக்காட்டில் அதே கையொப்பம் தென்பட்டது.

எச்சரிக்கை இதற்கெல்லாம் முன்பே வந்துவிட்டது என்பதுதான் வருத்தம். மேற்கு ஜெர்மனியில் நோய் எதிர்ப்பைக் கூட்டும் மருந்தாக விற்கப்பட்ட அரிஸ்டோலோகிக் அமிலம், எலிகளுக்குச் சில மாதங்களிலேயே புற்றை உண்டாக்கியது தெரியவந்து 1980களின் தொடக்கத்திலேயே அங்கே திரும்பப் பெறப்பட்டது. சீன மருந்துக் கலவையில் வேறு பெயரில் நுழைந்த அதே பொருளை யாரும் அந்தச் செய்தியோடு சேர்த்துப் பார்க்கவில்லை. பிரஸ்ஸல்ஸுக்குப் பிறகு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2001இல் மக்களை எச்சரித்தது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2002இல் அரிஸ்டோலோக்கியா மூலிகை மருந்துகளை மனிதருக்குப் புற்று உண்டாக்குபவை என்ற முதல் வகுப்பில் வைத்தது. பின்னர் அமிலத்தையே தனியாக அதே வகுப்பில் சேர்த்தது. சீனா 2003இல் குவான் மு டோங்கையும், 2004இல் குவாங் ஃபாங் ஜி, சிங் மு சியாங் இரண்டையும் விலக்கியது. தைவான் 2003இல் தடைவிதித்தது. மா டோ லிங் மட்டும் நெடுநாள் தாக்குப்பிடித்து, 2020ஆம் ஆண்டின் சீன மருந்தேட்டிலிருந்து நீக்கப்பட்டது. தன் மரபைப் பெருமையாகப் பேணும் ஒரு நாடு, அந்த மரபின் பெயர்பெற்ற சரக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்திருக்கிறது. அதனால் சீன மருத்துவம் அழிந்துவிடவில்லை.

இத்தனை நூற்றாண்டுகள் பழகிய வைத்திய ஆசான்களுக்கு இந்தத் தீங்கு ஏன் தெரியவில்லை என்ற கேள்விக்கு நேர்மையான விடை தேவை. அவர்களுடைய கூர்மையில் குறை இல்லை. எட்டி, அலரி, ஊமத்தை, நேர்வாளம், சேராங்கொட்டை ஆகியவற்றின் நஞ்சைச் சித்த மருத்துவம் மிகத் துல்லியமாக அறிந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சுத்தி முறை, அளவு, பத்தியம், முறிவு என்று வகுத்தது. அவை சில நிமிடங்களில் அல்லது சில நாட்களில் வாந்தியாக, வலிப்பாக, கொப்புளமாக முகங்காட்டும் நஞ்சுகள். கொடுத்தவர் கண்முன்னே விளைவு தெரியும். அரிஸ்டோலோகிக் அமிலம் சாதாரண அளவில் அப்படி எதையும் காட்டாது. சிறுநீரகம் சத்தமில்லாமல் சுருங்கும். தொடக்கத்தில் வீக்கம் இல்லை, இரத்த அழுத்தமும் பெரும்பாலும் ஏறுவதில்லை. சோகை, அசதி என்று நோயாளி வரும்போது, மருந்து குடித்த நாளிலிருந்து ஆண்டுகள் கடந்திருக்கும். வயிற்றுப்போக்கு நின்றது மட்டுமே வைத்தியரின் நினைவில் இருக்கும். ஒருவரையே இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, அவரைப் போன்ற நூறு பேரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழி எந்த மரபு மருத்துவத்திலும் இல்லை. நவீன மருத்துவத்துக்கே அது அண்மையில்தான் கைவந்தது. ஆகவே காலங்காலமாகக் கொடுத்து வந்தோம், ஒன்றும் ஆகவில்லை என்ற சான்று விரைநஞ்சுக்குச் செல்லும்; மெதுநஞ்சுக்குச் செல்லாது.

இந்தியச் சட்டத்திலும் இதே இடைவெளி தெரிகிறது. மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் விதிகளின் ஈ(1) அட்டவணை, சித்த, ஆயுர்வேத, யுனானி மருத்துவங்களின் நச்சுச் சரக்குகளைப் பட்டியலிடுகிறது. அவை சேர்ந்த உள்மருந்துகளின் உறையில் மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். மரபு அறிந்த விரைநஞ்சுகள்தாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, கருடக்கொடி இல்லை. மாறாக, இந்திய ஆயுர்வேத மருந்தேட்டில் ஈஸ்வரி என்ற பெயரில் அதன் வேர் ஏற்கப்பட்ட சரக்கு. நாட்டு மருந்துக் கடையில் கேட்டு வாங்க எந்தத் தடையும் கிடையாது. சித்த, ஆயுர்வேத மருந்துகளின் பக்கவிளைவுகளைத் திரட்ட 2018இல் தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் நல்ல முயற்சி. ஆனால் பத்தாண்டு கழித்து வெளிப்படும் தீங்கு, மருந்து உண்ட சில நாட்களில் வரும் புகார்களை நம்பியுள்ள அமைப்பின் கண்ணில் படுவது அரிது. ஆயுஷ் அமைச்சகம் கருடக்கொடி, ஆடுதின்னாப்பாளை இரண்டையும் உள்மருந்துப் பட்டியலிலிருந்து விலக்குவதே தகும். உலகச் சான்று இவ்வளவு திரண்ட பிறகு உள்நாட்டு நோயாளிகளின் எண்ணிக்கைக்காகக் காத்திருப்பது முறையல்ல.

அண்டை நாடுகளில் சில தேடல்கள் நடந்துள்ளன. வங்கதேசத்தில் கவிராஜர் எனப்படும் நாட்டு வைத்தியர்களிடம் கருடக்கொடியின் பயன்பாட்டை விசாரித்த ஆய்வு 2013இல் வெளியாயிற்று. பாம்புக்கடிக்கு மட்டுமன்றி வேறு நோய்களுக்கும் அது கொடுக்கப்படுவதாக அதில் தெரிந்தது. இலங்கையில் இதன் சிங்களப் பெயர் சப்சந்த. வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடம் பரவிய, காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோயை ஆராய்ந்தவர்கள், சந்தேகத்துக்குரிய காரணிகளில் சப்சந்த சேர்ந்த நாட்டு மருந்துகளையும் கருத்தில் கொண்டார்கள். அந்நோய்க்கு இதுதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. வெப்பம், நீர்ச்சத்துக் குறைவு, குடிநீர், வேளாண் வேதிப்பொருட்கள் எனப் பல கருத்துகள் அங்கு இன்னும் பேசப்படுகின்றன. குமரியிலோ தமிழகத்திலோ வரும் சிறுநீரகச் செயலிழப்பு எல்லாவற்றையும் கொடியின் தலையில் கட்டுவதும் பிழை. பெரும்பகுதிக்கு நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமுமே காரணம்.

பாம்புக்கடிக்குக் கருடக்கொடியைக் கொடுக்கலாமா என்ற கேள்வியைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஒருமுறை கொடுக்கும் சாற்றால் புற்று வருமா என்பதைவிட நெருக்கமான அபாயம், மருத்துவமனைக்குப் போவது தாமதமாவது. கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சற்றவை. நஞ்சுள்ள பாம்பும் சிலவேளை நஞ்சை இறக்காமல் கடிக்கும். அந்தக் கடிகளில் எதைக் கொடுத்தாலும் ஆள் பிழைப்பார். பெருமை மருந்துக்குப் போகும். நாகமோ கட்டு விரியனோ கடித்து நஞ்சு உண்மையாக ஏறியவருக்கு மூச்சுத் தசை செயலிழக்கச் சில மணி நேரம் போதும். கண்ணாடி விரியனின் நஞ்சு இரத்தம் உறைவதைக் குலைப்பதோடு சிறுநீரகத்தையும் நேரடியாகத் தாக்குகிறது. ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகத்துக்குள் அதைக் குறிவைக்கும் இன்னொரு பொருளைச் செலுத்துவது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது. ஆய்வுக்கூடத்தில் நொதியைத் தடுத்தது உண்மை. ஆனால் ஒரு நஞ்சில் பல புரதங்கள் உண்டு. சோதனைக் குழாயில் ஒன்றைத் தடுப்பது நோயாளியைக் காப்பதாகிவிடாது.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறந்ததாக 2020இல் வெளியான கணிப்பு சொல்கிறது. மருந்து இருக்கிறது. நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிரான கூட்டு முறிமருந்து அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதற்குத் தேவையான நஞ்சில் பெரும்பங்கை மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கும், 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. மரபறிவு உயிர்காக்கும் மருந்தாக மாறிய இடம் இதுதான். இருளர் கைத்திறன் இல்லாமல் அந்தக் குப்பி இல்லை. குமரிக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியிலும் அதன் அடிவாரத் தோட்டங்களிலும் காணப்படும் கூம்புமூக்குக் குழிவிரியனின் நஞ்சுக்கு இந்த முறிமருந்து பலிப்பதில்லை. அதன் கடியும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால், ரப்பர்த் தோட்டத்தில் கடிபட்டவரை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற, டயாலிசிஸ் வசதியுள்ள இடத்துக்குக் கொண்டுசெல்வது பொருத்தம். தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. எந்த ஊரில் எத்தனை கடி, எது கடித்தது என்ற கணக்கு இனியாவது சேரும்.

வெளிப்பூச்சு பற்றிய சான்று குறைவு. உடையாத தோலில் எப்போதாவது பூசுவதும் வயிற்றுக்குள் மாதக்கணக்கில் செலுத்துவதும் ஒரே எடை உள்ள அபாயங்கள் அல்ல. ஆனாலும் புண்ணான தோல், சிறுபிள்ளைகளின் கரப்பான் ஆகியவற்றில் மருந்து உள்ளே இறங்கும் வாய்ப்பு கூடும். அங்கே ஆடுதின்னாப்பாளையைத் தவிர்ப்பது நல்லது. வேகவைத்தோ வறுத்தோ உண்டால் தீங்கில்லை என்ற எண்ணமும் உதவாது. வெப்பத்தாலும் காரநீரில் கொதிக்க வைப்பதாலும் அமிலத்தின் அளவு குறையும், முற்றாக நீங்காது. இவ்வளவு இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க கீழெல்லையை எந்த ஆய்வும் வரையறுக்கவில்லை. கர்ப்பிணிகளுக்கு இரட்டை ஆபத்து: கருச்சிதைவும் சிறுநீரகக் கேடும்.

ஆள்மாறாட்டமும் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. வீட்டு வாசலில் கட்டித் தொங்கவிடும் ஆகாசகருடன் கிழங்கு பாகற்குடும்பத்துக் கொடியின் கிழங்கு. கோராலோகார்ப்பஸ் எபிஜியஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். அதுவும் விஷமுறிவுக்குச் சொல்லப்படுவதுதான். பெயரில் கருடன் இருப்பதால் இரண்டையும் ஒன்றாகக் கருதும் குழப்பம் எளிதில் வரும். பிரஸ்ஸல்ஸில் நேர்ந்ததும் இந்த அளவிலான பெயர் ஒற்றுமைதான். திருவிழாக் கூட்டத்தில் வேர் பரப்பி விற்பவரிடமும், இணைய வழி விற்கும் பொட்டலத்திலும் பெயரை மட்டும் நம்பி வாங்கும் வேர் எதுவாகவும் இருக்கலாம். மெல்லடுக்கு நிறப்பிரிகைச் சோதனை ஒன்றே அமிலம் இருப்பதைக் காட்டிவிடும். அது அதிகச் செலவில்லாதது. மூலிகை மருந்து செய்யும் நிறுவனங்கள் ஒவ்வொரு மூட்டைக்கும் இதைச் செய்யக் கடமைப்பட்டவை.

செடியை வெட்டி எறிய வேண்டியதில்லை. இலையைத் தொடுவதாலோ வேலியில் இருப்பதாலோ யாருக்கும் கேடில்லை. கறுப்புச் சிறகும் சிவந்த உடலும் கொண்ட வண்ணத்துப்பூச்சி ஒன்றும், தென்னிந்தியாவின் மிகப்பெரிய வண்ணத்துப்பூச்சியான பொன்னிறச் சிறகியும் முட்டையிடுவது பெரும்பாலும் அரிஸ்டோலோக்கியா கொடிகளில்தான். புழுக்கள் இலையைத் தின்று அந்த அமிலத்தைத் தம் உடலில் சேர்த்துக்கொள்கின்றன. ஒருமுறை கொத்திச் சுவைத்த பறவை மறுபடி அவற்றைத் தொடாது. கேரளத்திலும் தமிழகத்திலும் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் அமைப்பவர்கள் கருடக்கொடியைத் தேடி நடுவது இதற்காக.

முன்பு இதை உள்மருந்தாக எடுத்தவர்கள் அஞ்சி ஒடுங்க வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். ஓரிரு முறை குடித்தவருக்கும் மாதக்கணக்கில் குடித்தவருக்கும் அபாயம் ஒன்றல்ல. நெடுநாள் எடுத்தவர்கள் மருத்துவரிடம் மூலிகையின் பெயரையும் எடுத்த காலத்தையும் சொல்லி, இரத்தத்தில் கிரியேட்டினின், ஹீமோகுளோபின், சிறுநீரில் புரதம், இரத்த அணுக்கள் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ள வேண்டும். வயிற்று அல்ட்ராசவுண்டில் சிறுநீரகங்கள் அளவில் சிறுத்திருக்கின்றனவா என்று தெரியும். வலியில்லாமல் சிறுநீர் சிவந்து போனால் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. அது மேற்சிறுநீர்ப் பாதைப் புற்றின் முதல் அறிகுறியாக இருக்கலாம். சோதனை முடிவுகள் சரியாக இருந்தாலும் ஆண்டுக்கொரு முறை சிறுநீர்ப் பரிசோதனையைத் தொடர்வது அவசியம். மருந்தை நிறுத்திப் பல ஆண்டுகள் கழித்தும் புற்று தோன்றியிருப்பது பெல்ஜிய நோயாளிகளின் தொடர்கண்காணிப்பில் தெரிந்தது.